2 டெராபைட் பென் டிரைவ் 799 ரூபாயா? வாங்கறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம்!

'ஸ்டோரேஜ் ஃபுல்'னு போன் காட்டினதும் நீங்க என்ன செய்வீங்க? முதல்ல குட்மார்னிங் படங்களை அழிப்பீங்க. அப்புறம் ரெண்டு ஆப். அதுக்கும் மேல போனா, ஷாப்பிங் ஆப்பைத் திறந்து பென் டிரைவ் தேடுவீங்க. அங்கே '2 டெராபைட், 799 ரூபாய் மட்டுமே'னு ஒண்ணு கண் சிமிட்டும்.

நானும் அப்படி ஒண்ணு வாங்கினேன். உத்திரமேரூர் பக்கத்துல எங்க ஊர்ல நடந்த அக்கா கல்யாண போட்டோ, வீடியோ எல்லாத்தையும் அதுல காப்பி பண்ணிட்டு, போன்ல இருந்ததை அழிச்சுட்டேன். ஒரு மாசம் கழிச்சு திறந்து பார்த்தா, ஃபைல் பேரெல்லாம் வரிசையா இருக்கு. பாதிக்கு மேல எதுவும் ஓடலை. ஓடாத வீடியோவுல ஒண்ணு, தாத்தா மைக் பிடிச்சு அக்காவை வாழ்த்திப் பேசினது. தாத்தா இப்போ இல்லை.

799 ரூபாயை மறந்துடலாம். அந்தக் குரலை எங்கே போய் வாங்கறது? நீங்களும் இதே தப்பைப் பண்ணிடக் கூடாதுன்னுதான் இந்தக் கட்டுரை.

அசல் விலை ஏறுது... போலிக்குக் கொண்டாட்டம்!

2025 கடைசியில இருந்து ரேம், எஸ்.எஸ்.டி விலை உலகம் முழுக்க எகிறுது. காரணம், ஏ.ஐ. டேட்டா சென்டர்கள். மெமரி சிப் தயாரிக்கிற பெரிய கம்பெனிகளை விரல்விட்டு எண்ணிடலாம். அதுல சாம்சங், எஸ்.கே. ஹைனிக்ஸ், மைக்ரான் மூணும் அதிக லாபம் தர்ற ஏ.ஐ. சர்வர்கள் பக்கம் திரும்பிட்டாங்க. 2025 டிசம்பர்ல மைக்ரான் இன்னும் ஒரு படி மேலே போய், 'க்ரூஷியல்' என்ற பெயர்ல நம்மை மாதிரி ஆட்களுக்கு விற்றுவந்த ரேம், எஸ்.எஸ்.டி வியாபாரத்தையே நிறுத்தப்போறதா அறிவிச்சது. ஹார்டு டிஸ்க் தயாரிக்கறதும் சீகேட், வெஸ்டர்ன் டிஜிட்டல், தோஷிபானு மூணே கம்பெனிதான்.

இன்னொரு பக்கம், நம்ம தேவை கூடிக்கிட்டே போகுது. 4கே வீடியோ ஒரு மணி நேரம் எடுத்தா சுமார் 10 ஜிபி காலி. தமிழக அரசு 2026 ஜனவரியில கல்லூரி மாணவர்களுக்குக் கொடுக்க ஆரம்பிச்ச லேப்டாப்ல இருக்கறது 256 ஜிபி எஸ்.எஸ்.டி. படிப்புக்குப் போதும், குடும்ப வீடியோவையும் அதுலயே அடைச்சா தாங்காது.

'கிளவுட்ல போட்டுடலாமே'னு தோணும். கூகுள் போட்டோஸ்ல அளவில்லாத இலவசம் 2021 ஜூன் 1-ம் தேதியோட முடிஞ்சுபோச்சு. இப்போ ஜிமெயிலும் சேர்த்து 15 ஜிபிதான். காசு கட்டினாலும் நம்ம ஊர் நெட்டுல கணக்குப் போட்டுப் பாருங்க: அப்லோடு வேகம் 10 எம்பிபிஎஸ்னா, 1 டெராபைட் ஏத்த ராத்திரி பகலா 9 நாள் ஆகும். அதனாலதான் கையில பிடிக்கிற டிரைவ் இன்னும் தேவைப்படுது.

போலி எப்படி ஏமாத்துது?

உள்ளே இருக்கறது 32 அல்லது 64 ஜிபி சிப்தான். ஆனா கம்ப்யூட்டர் கேட்டா '2 டெராபைட்'னு பொய் சொல்ற மாதிரி அதோட மென்பொருளை மாத்தியிருப்பாங்க. சிப் நிறைஞ்சதும், புது ஃபைல் பழசு மேலேயே எழுதப்படும், இல்லைன்னா எங்கேயும் பதியாமலே போகும். பேர் மட்டும் தெரியும், உள்ளே ஒண்ணும் இருக்காது. எனக்கு நடந்தது இதுதான்.

கண்டுபிடிக்க வழி இருக்கு. விண்டோஸ்ல 'எச்2டெஸ்ட்டபிள்யூ', லினக்ஸ், மேக்ல 'எஃப்3'. ரெண்டுமே இலவசம். டிரைவை முழுசா நிரப்பி, எழுதினது அப்படியே இருக்கானு திரும்பப் படிச்சுப் பார்க்கும். பெரிய டிரைவுக்குப் பல மணி நேரம் ஆகும். பரவாயில்லை, ரிட்டர்ன் தேதி முடியறதுக்குள்ள செஞ்சுடுங்க. 1 டெராபைட் டிரைவ் விண்டோஸ்ல 931 ஜிபினு காட்டினா பயப்பட வேண்டாம். கம்பெனியும் விண்டோஸும் எண்ணுற முறை வேற, அவ்வளவுதான்.

உங்களுக்கு எது?

* போட்டோ, வீடியோவைச் சேர்த்து வைக்க: 2.5 இன்ச் எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க். ஒரு ஜிபிக்கு ஆகிற செலவு இதுலதான் குறைவு. தனி கரன்ட் வயர் வேண்டாம். ஆனா உள்ளே தட்டு சுத்துது, ஓடும்போது கீழே விழுந்தா கதை முடிஞ்சுடும்.
* எடிட்டிங், அடிக்கடி வெளியே எடுத்துட்டுப் போக: போர்ட்டபிள் எஸ்.எஸ்.டி. வேகம் அதிகம், குலுங்கினாலும் தாங்கும். ஆனா வருஷக்கணக்கா பீரோவுல பூட்டி வைக்க இது சரியான பொருள் இல்லை. ஆயுசு முழுக்க உழைச்சு ஓய்ஞ்ச எஸ்.எஸ்.டி கரன்டே இல்லாம 30 டிகிரி வெப்பத்துல ஒரு வருஷம் டேட்டாவைக் காப்பாத்தணும்ங்கறதுதான் தரக்கட்டுப்பாட்டு அளவுகோல். புது டிரைவ் இன்னும் அதிக நாள் தாங்கும். இருந்தாலும் நம்ம ஊர் வெயிலை யோசிச்சுக்கோங்க. அப்பப்போ எடுத்து கம்ப்யூட்டர்ல போடுங்க.
* போன்: ஸ்லாட் இருந்தா மைக்ரோ எஸ்டி. 4கே எடுக்கறவங்க 'வி30' முத்திரை இருக்கானு பாருங்க. நொடிக்கு 30 எம்பி வேகத்துக்கு அது உத்தரவாதம். ஸ்லாட் இல்லைன்னா டைப்-சி பென் டிரைவ்.
* கடை, வீட்டு சிசிடிவி: 24 மணி நேரமும் எழுதிக்கிட்டே இருக்கிற வேலை. சாதாரண டிஸ்க் போடாதீங்க. 'டபிள்யூடி பர்பிள்', 'சீகேட் ஸ்கைஹாக்' மாதிரி அதுக்குன்னே செஞ்சது இருக்கு.

வாங்கும்போது ரெண்டு விஷயம். உங்க போன்ல இருக்கறது யு.எஸ்.பி 2.0-னா, எவ்வளவு வேகமான எஸ்.எஸ்.டி போட்டாலும் நொடிக்கு 60 எம்பியைத் தாண்டாது. வேகத்துக்குக் காசைக் கொட்டாதீங்க. டிரைவை 'எக்ஸ்ஃபேட்' முறையில ஃபார்மேட் பண்ணுங்க. பழைய 'ஃபேட்32'-ல 4 ஜிபிக்கு மேல ஒரே ஃபைலா இருந்தா ஏறாது.

ஓலையா, கல்லா?

இப்போ முக்கியமான விஷயத்துக்கு வருவோம். நல்ல கம்பெனி டிரைவ், பில்லோட, வாரன்டியோட வாங்கிட்டீங்க. நிம்மதியா தூங்கலாமா? முடியாது. 2023-ல சான்டிஸ்க் எக்ஸ்ட்ரீம் வகை எஸ்.எஸ்.டி-கள் சிலது திடீர்னு டேட்டாவை இழந்து, கம்பெனி மென்பொருள் திருத்தம் கொடுத்தது. அமெரிக்காவுல வழக்கும் போட்டாங்க. வாரன்டியில புது டிரைவ் கிடைக்கும். உள்ளே இருந்தது கிடைக்காது.

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவர்ல, முதலாம் பராந்தக சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டு இருக்கு. பள்ளிப் புத்தகத்துல படிச்சிருப்பீங்க. தகுதியானவங்க பேரை ஓலையில எழுதி, குடத்துல போட்டு, ஒரு சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொல்லுவாங்க. கவனிச்சீங்களா? அன்னைக்குத் தேவைப்பட்ட பேர்கள் ஓலையில. 35 வயசுக்கு மேல, 70 வயசுக்குள்ள இருக்கணும், கணக்குக் காட்டாதவன் நிற்கக் கூடாதுங்கற விதிகள் கல்லுல. ஓலைகள் போயிடுச்சு. கல்லுல வெட்டினது 1,100 வருஷம் தாண்டி நிற்குது. எது போகலாம், எது இருக்கணும்னு அவங்க முதல்லயே பிரிச்சு வெச்சாங்க. நாம மீமையும் தாத்தா வீடியோவையும் ஒரே ஃபோல்டர்ல போட்டு வெச்சிருக்கோம்.

நம்ம கையில கல் இல்லை. எந்த டிரைவ் வாங்கினாலும் அது ஓலைதான். ஆனா ஓலையில இருந்த தமிழும் நம்ம கைக்கு வந்து சேர்ந்திருக்கே, எப்படி? செல்லரிக்கறதுக்கு முன்னாடி யாரோ ஒருத்தர் உட்கார்ந்து பிரதி எடுத்தாங்க. ஒரே இடத்துல மட்டும் இருந்தா என்ன ஆகும்கறதுக்கு யாழ்ப்பாணம் சாட்சி. 1981-ல நூலகத்தை எரிச்சப்போ, சுமார் 97,000 நூல்களோட, வேற பிரதி இல்லாத சுவடிகளும் சாம்பலாச்சு.

அதனால, 4 டெராபைட் ஒண்ணு வாங்கக் காசு இருந்தா, 2 டெராபைட் ரெண்டு வாங்குங்க. வேற வேற கம்பெனியா இருந்தா இன்னும் நல்லது. ஒண்ணு உங்ககிட்ட, இன்னொண்ணு அக்கா வீட்டுலயோ சித்தப்பா வீட்டுலயோ. மிக முக்கியமான 15 ஜிபியை மட்டும் கிளவுட்லயும் போடுங்க. வருஷத்துக்கு ஒரு தடவை, பொங்கலுக்கு வீட்டைச் சுத்தம் பண்றப்போ, ரெண்டு டிரைவையும் திறந்து ஃபைல் ஓடுதானு பாருங்க. அஞ்சாறு வருஷம் ஆன டிரைவா இருந்தா, புதுசுக்கு மாத்திடுங்க.

காசு இல்லைன்னா? இன்னைக்கு ராத்திரியே ஒரு வேலை செய்யுங்க. போன் கேலரியைத் திறந்து, 'இது போனா திரும்ப எடுக்கவே முடியாது'னு தோணுறதை மட்டும் ஒரு ஃபோல்டர்ல போடுங்க. 20 வீடியோ கூட இருக்காது. அதை வீட்டுல இன்னொருத்தர் போனுக்கு அனுப்பிடுங்க, வாட்ஸ்அப்ல 'டாக்குமென்ட்'டா அனுப்பினா தரம் குறையாது.

நான் அதைச் செஞ்சிருந்தா, தாத்தா குரல் இன்னைக்கு அக்கா போன்லயாவது இருந்திருக்கும்.