டிபியைப் பார்த்து ஆன்டெனா வாங்காதீர்கள்

"டிபி கூடக் கூட ஆன்டெனா நல்லது." தேனி, கம்பம் பக்கத்துக் கம்ப்யூட்டர் கடைகளிலும் எத்திக்கல் ஹேக்கிங் வகுப்புகளிலும் பல வருஷமாக இதே பாட்டு. வைஃபை பாதுகாப்பைச் சோதிக்கக் கிளம்பும் பிள்ளைகள் இதை நம்பி, கையிருப்பை எல்லாம் 24 டிபிஐ கிரிட் ஆன்டெனாவில் கொட்டுகிறார்கள். எனக்கு வயிறு எரிகிறது.

டிபிஐ என்பது ஆன்டெனா ஒரு பக்கமாகச் சக்தியைக் குவிக்கும் அளவு. ஆன்டெனா சக்தியை உண்டாக்குவதில்லை. குழாயின் வாயை விரலால் பாதி அடைத்தால் தண்ணீர் தூரம் பீய்ச்சும், தண்ணீர் கூடிவிடாது. 24 டிபிஐ கிரிட்டின் கற்றை சுமார் 10 டிகிரிதான். 40 மீட்டர் தள்ளி நிற்கும் கட்டடத்தில் அது பார்ப்பது 7 மீட்டர் அகலத்தை. மயிலாடும்பாறையில் ஒரு பள்ளிக்கூடத்து வைஃபை எந்தச் சுவரைத் தாண்டிக் கசிகிறது என்று தேடுபவருக்கு இது எதற்கு?

உடனே அரவிந்த் கண் மருத்துவமனையைச் சாட்சிக்கு இழுப்பார்கள். "தேனியில் 15 கிலோமீட்டர் வைஃபை ஓடியதே!" ஓடியது. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகக் குழு தேனி மருத்துவமனையைச் விஷன் சென்டர் என்ற சுற்றுவட்டாரச் சிறு கண் மருத்துவ நிலையங்களோடு இணைத்தது. ஆண்டிபட்டிக்குப் போன இணைப்புதான் 15 கிலோமீட்டர். எப்படி ஓடியது என்பதை மட்டும் இவர்கள் சொல்வதில்லை. 24 முதல் 42 மீட்டர் உயரக் கோபுரங்கள் எழுப்பினார்கள். ஜவுளி ஆலை வளாகத்துப் புகைபோக்கியைக்கூட விடவில்லை. ஒரு கிரிட்டுக்கு நேர் எதிரே இன்னொரு கிரிட், நடுவில் மறைப்பே இல்லை. அப்படியும் சாதாரண வைஃபை நெறிமுறை அந்தத் தூரத்தில் திணறியது. முனைகள் முறைவைத்துப் பேசும்படி நெறிமுறையையே மாற்றி எழுதி, 2007இல் வைல்டுநெட் என்ற பெயரில் வெளியிட்டார்கள். ஆன்டெனா மட்டும் செய்த வேலையா இது?

சோதனையாளருக்கு எதிர்முனையில் கிரிட் இல்லை. மேசை டிராயருக்குள் கிடக்கும் செல்போன் இருக்கிறது. டபிள்யூபிஏ2 என்ற வைஃபை பாதுகாப்பு முறையில், இணைப்பின் தொடக்கப் பரிமாற்றத்தை முழுசாகப் பிடிக்க ரவுட்டர் பேசுவதும் கேட்க வேண்டும், போன் பேசுவதும் கேட்க வேண்டும். ரவுட்டரை நோக்கிக் கிரிட்டைத் திருப்பினால் அடுத்த அறைப் போன் நழுவிவிடும். மலைகள் இருபுறமும் மறிக்கும் வருசநாட்டுப் பள்ளத்தாக்கில் மலையைத் துளைத்துக் கேட்கும் ஆன்டெனாவும் கிடையாது.

9 டிபிஐ குச்சி ஆன்டெனா எல்லாப் பக்கமும் கேட்கும் என்பதும் அரை உண்மை. பக்கவாட்டில் கேட்கும், தலைக்கு மேல் மாடியில் இருக்கும் ரவுட்டரைக் கோட்டைவிடும். ஆன்டெனாவை இணைக்கும் ஆர்ஜி-58 கேபிளும் மீட்டருக்கு ஏறத்தாழ 1 டிபி தின்னும். 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு மட்டும் செய்த கிரிட் 5 கிகாஹெர்ட்ஸில் உதவாது.

உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்கி, இரண்டு அலைவரிசைக்கும் பொருந்தும் 5 டிபிஐ ஆன்டெனாவோடு காம்பவுண்டைச் சுற்றி நடங்கள். கசிவு அகப்பட்ட பிறகு, அது எந்த அறையிலிருந்து வருகிறது என்று பார்க்கச் சின்னப் பேனல் ஆன்டெனா போதும்.