கரை கடந்த புயலுக்கு என்ன வேலை?

"புயலா? அது கடலூர்க்காரன் பாடு. நமக்கு ரெண்டு நாள் மழை, ஏரி ரொம்பும், அவ்வளவுதான்." மூங்கில்துறைப்பட்டு டீக்கடையில் மட்டுமல்ல, கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் எங்கே கேட்டாலும் இதே பேச்சுதான். படித்தவர், படிக்காதவர் என்ற வித்தியாசம் இதில் கிடையாது. அரசு அலுவலகங்களும் ஏறக்குறைய அப்படியேதான் நினைக்கின்றன. தொலைக்காட்சியில் "புயல் கரையைக் கடந்தது" என்று வந்துவிட்டால் ஆபத்து தீர்ந்தது என்று ஊரே படுத்துவிடுகிறது. இந்த நம்பிக்கை தவறு. உள்நாட்டில் இருப்பவர்களுக்கு உயிரையே கேட்கக்கூடிய தவறு.

2024 நவம்பர் 30, சனிக்கிழமை. ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே நள்ளிரவுக்கு முன் கரையேறியது. காற்றைக் கணக்கில் வைத்தால் அது பெரிய புயல் அல்ல. 2011 தானே புயலை நேரில் கண்ட கடலூர்க்காரர்கள் இதை ஒரு பொருட்டாகவே எடுத்திருக்க மாட்டார்கள். ஆனால் கரையேறிய ஃபெஞ்சல் நகராமல் அங்கேயே உட்கார்ந்துவிட்டது. மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டருக்கு மேல் மழை. மறுநாள் அது மெல்ல மேற்கே ஊர்ந்தது. செய்திகளில் புயல் என்ற பட்டம் போய் ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாகி, பிறகு வெறும் தாழ்வு மண்டலமாகவும் இறங்கிவிட்டது. ஞாயிறு மாலை திருவண்ணாமலை மலைச்சரிவில், வ.உ.சி. நகரில், மண்ணும் பாறையும் சரிந்து ஒரு வீட்டை மூடின. அதில் ஏழு பேர் இறந்தார்கள். திங்கள் காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊத்தங்கரையில் பெய்த மழை 50 சென்டிமீட்டர். கடலிலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கும் ஊர் அது!

நம்மை ஏமாற்றுவது இந்தப் பட்டம்தான். மணிக்கு 62 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் காற்று சுழன்றால் புயல், அதற்குக் கீழே இறங்கினால் தாழ்வு மண்டலம். இந்தத் தரவரிசையில் மழைக்கு இடமே இல்லை. நிலத்தில் ஏறியதும் அடியில் கடல் இல்லாததால் காற்று தளர்வது இயல்பு. ஆனால் வங்கக்கடலின் ஈரம் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்துகொண்டேயிருக்கும். வழியில் ஜவ்வாது மலையும் கல்வராயனும் நின்றால் அந்த ஈரம் மேலே தள்ளப்பட்டு அங்கேயே கொட்டும். நகரும் வேகம் குறையக் குறைய ஒரே இடத்தில் கொட்டுவது கூடும். ஆக, "வலுவிழந்தது" என்று செய்தி வாசிக்கும் அந்த நேரம்தான் உள்நாட்டுக்காரனும் மலையடிவாரத்துக்காரனும் விழித்திருக்க வேண்டிய நேரம்.

ஊத்தங்கரையில் கொட்டியது தென்பெண்ணையில் இறங்கி சாத்தனூர் அணைக்கு வந்தது. டிசம்பர் 2, திங்கள் விடிவதற்கு முன் அணையிலிருந்து வினாடிக்கு 1,68,000 கன அடி திறக்கப்பட்டது. சாத்தனூரின் மொத்தக் கொள்ளளவே ஏழே கால் டி.எம்.சி.தான். அந்த வேகத்தில் விட்டால் நிரம்பிய அணை பன்னிரண்டு மணி நேரத்தில் காலியாகிவிடும். அவ்வளவு தண்ணீர்! அகரம்பள்ளிப்பட்டுக்கும் தொண்டமானூருக்கும் நடுவே சுமார் 16 கோடி ரூபாயில் கட்டித் திறந்து மூன்று மாதமே ஆகியிருந்த பாலம் அதில் போயிற்று. அரசூரில் சென்னை–திருச்சி நெடுஞ்சாலை முழுகியது. விக்கிரவாண்டி பக்கம் ரயில்கள் நின்றன. புயல் கரையைக் கடந்து ஒரு நாளுக்கு மேல் ஆகியிருந்தது என்பதை இங்கே கவனிக்க வேண்டும்.

இது நம் ஊருக்கு மட்டுமே வாய்த்த விதியும் அல்ல. அதற்கு இரண்டு மாதம் முன்னால், 2024 செப்டம்பர் 26 அன்று, அமெரிக்காவின் புளோரிடாவில் ஹெலீன் சூறாவளி கரையேறியது. அது நூற்றுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது வட கரோலினாவில். அதிலும் பெரும்பாலோர் கடலிலிருந்து பல நூறு கிலோமீட்டர் தள்ளி, ஆஷ்வில் நகரத்தைச் சுற்றிய மலைப்பகுதியில். கடலை விட்டு விலகி நிம்மதியாக வாழலாம் என்று ஆட்கள் தேடிப்போய்க் குடியேறிய நகரம் அது.

புயல் என்றால் கடற்கரை என்று நம் மனசு ஓடுவதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. 1964-ல் தனுஷ்கோடி போனது கடல் பொங்கித்தான். 1977-ல் ஆந்திரத்தின் திவிசீமாவில் ஆயிரக்கணக்கில் மாண்டதும் அப்படித்தான். அந்தச் சாவுகளிலிருந்து கற்றுக்கொண்டுதான் கடலோரத்தில் புயல் பாதுகாப்பு மையங்கள் வந்தன. படகுகள் கரைக்குத் திரும்பிவிடுகின்றன, குப்பங்களைக் காலி செய்கிறார்கள். அங்கே உயிர்ச்சேதம் வெகுவாகக் குறைந்திருக்கிறது. அதைக் குறை சொல்ல யாருக்கும் வாய் வராது. ஆனால் கடலூரிலும் நாகையிலும் துறைமுகத்தில் ஒன்று முதல் பதினொன்று வரை எண் போட்டு எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுகிறார்களே, மூங்கில்துறைப்பட்டில் எதை ஏற்றுவது? சர்க்கரை ஆலைப் புகைபோக்கியிலா?

2024 வெள்ளம் வடிவதற்குள் அரசியல் சண்டை வந்துவிட்டது. எச்சரிக்கை செய்யாமல் அணையைத் திறந்தார்கள் என்றது எதிர்க்கட்சி. ஐந்து முறை எச்சரித்தோம் என்றது அரசு. எண்ணிக்கையைப் பற்றி எனக்குக் கவலையில்லை. எச்சரிக்கையில் என்ன சொன்னார்கள் என்பதுதான் கேள்வி. "இத்தனை ஆயிரம் கன அடி திறக்கப்படுகிறது, கரையோர மக்கள் பாதுகாப்பான இடங்களுக்குச் செல்லவும்" என்பது வழக்கமான வாசகம். ஆற்றோரத்துக் கரும்புக்காரருக்கு ஒரு லட்சம் கன அடி என்றால் எவ்வளவு? அவருடைய கிணற்று மேடு மூழ்குமா, மூழ்காதா? மோட்டாரைக் கழற்றி மேட்டில் ஏற்ற செயின் பிளாக் வேண்டும், ரெண்டு ஆள் வேண்டும், அதற்கு முன் ஃபியூஸைப் பிடுங்க வேண்டும். கொட்டகையில் இருக்கும் மாடுகளை அவிழ்த்து ஓட்டிப்போக வெளிச்சம் வேண்டும். நடு ராத்திரியில் மைக் கட்டிய ஆட்டோ மழைச் சத்தத்தில் கத்திவிட்டுப் போனால் இதில் எது நடக்கும்? "பாதுகாப்பான இடம்" எது என்று பெயர் சொன்னால்தானே போக முடியும்? பள்ளிக்கூடமா, கல்யாண மண்டபமா, சாவி யாரிடம்?

செய்ய வேண்டியதற்குப் பெரிய நிதி எதுவும் தேவையில்லை. புயல் கரையைத் தொட்டதும் மீட்புக் குழுக்களையும் படகுகளையும் முழுவதுமாகக் கடற்கரையிலேயே நிறுத்தி வைக்காமல், ஒரு பங்கையாவது தென்பெண்ணைக் கரைக்கும் கோமுகி, மணிமுக்தா அணைகளின் கீழுள்ள ஊர்களுக்கும் அனுப்பலாம். ஊத்தங்கரையில் பெய்யும் மழை அளவை மணிக்கு ஒரு தரம் மணலூர்ப்பேட்டை வரை தெரியப்படுத்தலாம். அணையில் திறக்கும் தண்ணீர் எந்த ஊருக்கு எத்தனை மணி நேரத்தில் வரும் என்பது பொறியாளர்களுக்குத் தெரியாத கணக்கல்ல. அது கோப்பில் கிடக்காமல் ஊராட்சிச் சுவரில் இருக்க வேண்டும். 2024 டிசம்பரில் தண்ணீர் எதுவரை ஏறியது என்று கண்ணால் பார்த்தவர்கள் கரையோரத் தெருக்களில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களைக் கூட்டிக்கொண்டு போய், மின்கம்பங்களிலும் பள்ளிச் சுவரிலும் அந்த உயரத்தில் ஒரு சிவப்புக் கோடு இழுத்து, பக்கத்திலேயே அன்றைய கன அடியை எழுதிவைக்க ஒரு கிராமசபைத் தீர்மானமும் நாலு டப்பா பெயிண்டும் போதும்.