நீ எங்கிருந்து பார்க்கிறாய்?



தமிழாசிரியருக்குக் கணினி வரைவில் என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். முழுவதும் படித்தபின் நீங்களே சொல்லுங்கள்.

தொடக்கநிலை ஐந்தாம் வகுப்பு மாணவர்களை ஒருமுறை லிட்டில் இந்தியாவுக்குக் கற்றல் பயணமாக அழைத்துச் சென்றோம். டன்லப் ஸ்திரீட்டின் பழைய கடைவீடுகளைப் பார்த்தோம். கடைகளின் முன்னே கூரையிட்ட நடைபாதை இருக்கவேண்டும் என்பது 1822இல் ராஃபிள்ஸ் வகுத்த நகரத் திட்டத்தின் விதி. அதுவே ஐந்தடிப் பாதை. 1989இல் இவ்வட்டாரம் பாதுகாப்புப் பகுதியாக அறிவிக்கப்பட்டது. இவற்றை எடுத்துரைத்து, மாணவர்களை அந்தப் பாதையில் நடக்கவும் வைத்தேன்.

பள்ளி திரும்பியதும், டிங்கர்கேட் மென்பொருளில் ஒரு கடைவீட்டை உருவாக்கும் பணி. மாணவி ஒருத்தி முன்பக்கத்தை மட்டுமே பார்த்தபடி அதனைக் கட்டி முடித்தாள். சன்னல், தூண், கூரை எல்லாம் அழகு. நான் மனமாரப் பாராட்டி, பெற்றோர் வரும் நாளில் காட்டத் தேர்ந்தெடுத்தேன்.

அன்று ஒரு தந்தை ஆர்வத்தோடு சுட்டியைப் பிடித்து மெல்லத் திருப்பினார். தூண்கள் சுவருக்குள் பாதி புதைந்திருந்தன. ஒரு சன்னல் வீட்டை விட்டு விலகிக் காற்றில் மிதந்தது. ஐந்தடிப் பாதையே இல்லை! சிலர் சிரித்துவிட்டனர். அந்தப் பிள்ளை தலை குனிந்தாள். உண்மையில் குனிந்திருக்க வேண்டியது என் தலை. நானும் ஒரு பக்கத்திலிருந்து மட்டுமே பார்த்துப் பாராட்டியவன்தானே?

நேர் முன்னிருந்து பார்க்கும்போது அகலமும் உயரமும் தெரியும், ஆழம் மறைந்துவிடும். பக்கத்திலிருந்து பார்த்தால் தூணுக்கும் சுவருக்கும் உள்ள இடைவெளி புலப்படும். ஒவ்வொரு பார்வையும் ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறைக்கிறது.

ஃபியூஷன் போன்ற மென்பொருள்களில், ஒரு தளத்தைத் தேர்ந்து வரையத் தொடங்கியதும் காட்சி தானாகவே திரும்பி அத்தளத்துக்கு நேரே நிற்கும். இது நல்ல வசதியே. சாய்ந்து பார்த்தால் வட்டம்கூட நீள்வட்டமாகத் தெரியும். நேரே பார்த்தால் உண்மை வடிவம் தெரியும். ஆனால் தொடக்கநிலைப் பிள்ளைக்கு அந்தத் திடீர்த் திருப்பம் குழப்பம் தரும். தான் எந்தப் பக்கத்தில் நிற்கிறோம் என்பதே தெரியாமல் கோடு போடத் தொடங்கிவிடும். இந்தத் தானியக்கத்தை அமைப்புகளில் நிறுத்தி வைக்கவும் முடியும். கற்கும் முதல் சில வாரங்களுக்கேனும் அதை நிறுத்திவைத்து, காட்சியைத் திருப்பும் பொறுப்பைப் பிள்ளையிடமே தரவேண்டும் என்பது என் கருத்து.

வடிவங்களைக் கற்பிக்குமுன் காட்சியைக் கற்பிப்போம். டிங்கர்கேட்டில் சுட்டியின் வலப் பொத்தானை அழுத்தி இழுத்தால் காட்சி சுழலும். சக்கரத்தை உருட்டினால் நெருங்கும், விலகும். மூலையிலுள்ள சிறு கனசதுரத்தின் முகங்களைச் சொடுக்கினால் மேல், முன், பக்கம் என்று பார்வை மாறும். அப்போது பிள்ளைகள் "வீடு திரும்பிவிட்டது" என்பார்கள். இல்லை, வீடு அங்கேயே இருக்கிறது. நாம்தான் அதனைச் சுற்றி நடக்கிறோம். டன்லப் ஸ்திரீட்டில் நடந்த நடையை நினைவூட்டினால் உடனே விளங்கிக்கொள்வார்கள்.

இங்கேதான் தமிழ் வருகிறது. ஒவ்வொரு திருப்பத்திலும், "நீ எங்கிருந்து பார்க்கிறாய்? என்ன தெரிகிறது? எது மறைந்தது?" என்று கேட்கிறேன். "பக்கத்திலிருந்து பார்க்கிறேன், தூணுக்குப் பின்னால் பாதை தெரிகிறது" என்று முழு வாக்கியத்தில் விடை வருகிறது. வாய்மொழிப் பயிற்சிக்கு இதைவிட இயல்பான வாய்ப்பு வேறென்ன வேண்டும்?

அந்த மாணவி வீட்டைத் திருத்தினாள். இம்முறை நான் பாராட்ட வாய் திறக்குமுன், "பொறுங்கள் ஐயா, பக்கத்திலிருந்தும் பாருங்கள்" என்றாள்.

பெற்றோர்களே, பிள்ளை தன் படைப்பைக் காட்டும்போது பாராட்டுங்கள். ஆனால் அதற்குமுன் ஒருமுறை திருப்பிக் காட்டச் சொல்லுங்கள்.