14 சீசன், 13 அணி: என்.பி.ஏ-வில் இஷ் ஸ்மித் ஏன் இத்தனை முறை ஊர் மாறினார்?

அமெரிக்காவின் என்.பி.ஏ கூடைப்பந்து லீக்கில் மொத்தம் 30 அணிகள். அதில் 13 அணிகளுக்கு ஆடிய முதல் வீரர் இஷ் ஸ்மித். 2022-ல் டென்வர் நக்கெட்ஸ் அணிக்கு வந்தபோது அது அவருக்கு 13-வது அணி. அதற்கு முன்பு சக்கி பிரவுன், ஜிம் ஜாக்சன், டோனி மாசன்பர்க், ஜோ ஸ்மித் ஆகிய நால்வரும் தலா 12 அணிகளுக்கு ஆடியதே சாதனையாக இருந்தது.

ஐ.பி.எல் ரசிகர்களுக்கு ஆரோன் ஃபின்ச் ஞாபகம் வரலாம். அவர் 9 அணிகளுக்கு ஆடியவர். ஆனால் ஐ.பி.எல் இரண்டு மாதத்தில் முடிந்துவிடும். என்.பி.ஏ-வில் அக்டோபரில் தொடங்கி ஏப்ரல் வரை ஒவ்வொரு அணிக்கும் 82 லீக் ஆட்டங்கள். அணி மாறினால் வீடு, ஊர், பிள்ளைகளின் பள்ளிக்கூடம் எல்லாமே மாறும். அதுவும் சீசனுக்கு நடுவிலேயே!

திறமை இல்லாததால்தான் எல்லா அணியும் அவரைக் கைவிட்டதா? இல்லை, திறமை இருந்ததால்தான் 13 அணிகள் கூப்பிட்டனவா?

'ஜர்னிமேன்' என்றால் என்ன?

இப்படி அணி அணியாக மாறும் வீரர்களை அமெரிக்காவில் 'ஜர்னிமேன்' என்பார்கள். கேட்டதும் பயணம் போகிறவர் என்று தோன்றும். ஆனால் அந்தச் சொல்லின் வேர் வேறு. தொழில் கற்று முடித்து, சொந்தப் பட்டறை இல்லாமல், நாள் கூலிக்கு வேலை பார்க்கும் கைவினைஞரைக் குறித்த சொல் அது. அதாவது வேலை தெரிந்தவர், ஆனால் நிரந்தர இடம் இல்லாதவர். இஷ் ஸ்மித்தின் கதைக்கு இது அப்படியே பொருந்தும்.

யார் இந்த இஷ் ஸ்மித்?

1988-ல் வட கரோலினா மாநிலத்தின் சார்லட் நகரில் பிறந்தவர். உயரம் சுமார் 6 அடி. நமக்கு அது நல்ல உயரம்தான், என்.பி.ஏ-வில் குட்டை! பந்தை எடுத்து வந்து ஆட்டத்தை நடத்தும் 'பாயின்ட் கார்ட்' அவருடைய இடம். வேகம்தான் பலம்.

வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்தில் ஆடிவிட்டு 2010-ல் என்.பி.ஏ டிராஃப்டுக்கு வந்தார். புதிய வீரர்களை அணிகள் தேர்வு செய்யும் அந்த நிகழ்வில் 60 பெயர்கள் அறிவிக்கப்பட்டன. அதில் அவர் பெயர் இல்லை. பிறகு ஹூஸ்டன் ராக்கெட்ஸ் தனியாக ஒப்பந்தம் செய்தது. அதுதான் முதல் அணி.

டிரேட் செய்தியின் கடைசிப் பெயர்

அடுத்து நடந்ததைப் பார்த்தால் ஒரு விஷயம் புரியும்.

• 2011 பிப்ரவரி: ஷேன் பேட்டியரை மெம்ஃபிஸ் வாங்கியது. கூடவே இஷ் ஸ்மித்தும் போனார்.

• 2013 பிப்ரவரி: ஜே.ஜே. ரெடிக்கை ஆர்லாண்டோவிடமிருந்து மில்வாக்கி வாங்கியது. கூடவே இஷ் ஸ்மித்.

• 2013 ஆகஸ்ட்: கேரன் பட்லரை மில்வாக்கிக்குக் கொடுத்த ஃபீனிக்ஸ், பதிலுக்கு வாங்கிய இருவரில் ஒருவர் இஷ் ஸ்மித்.

• 2022: கென்டேவியஸ் கால்டுவெல்-போப்பை வாஷிங்டனிடமிருந்து டென்வர் வாங்கியது. கூடவே இஷ் ஸ்மித்.

தலைப்புச் செய்தியில் வந்தது வேறு ஒருவர் பெயர். இவர் பெயர் கடைசி வரியில். ஆனால் மூட்டை முடிச்சைக் கட்டியது இவரும்தான்.

ஏன் 'கூடவே' அனுப்புகிறார்கள்?

என்.பி.ஏ-வில் ஒவ்வோர் அணிக்கும் சம்பள வரம்பு உண்டு. அதைத் தாண்டிவிட்ட அணி, டிரேடில் தான் அனுப்பும் சம்பளத்துக்குக் கிட்டத்தட்ட இணையான சம்பளத்தைத்தான் திரும்ப வாங்க முடியும். ஒரு நட்சத்திர வீரருக்குப் பதிலாக ஒரே ஆளைக் கொடுத்தால் கணக்கு இடிக்கும். இன்னொருவரைச் சேர்த்தால் சரியாகும்.

இன்னொரு காரணம், இடம். சீசன் நடக்கும்போது ஓர் அணியில் வழக்கமான ஒப்பந்தத்தில் 15 பேர் வரைதான் இருக்கலாம். இரண்டு பேர் உள்ளே வந்தால் யாராவது வெளியே போக வேண்டும். அந்த 'யாராவது' பெரும்பாலும் பெஞ்சில் இருப்பவர்தான். ஆக, ஜர்னிமேன் உருவாவதற்கு அவருடைய ஆட்டம் மட்டுமே காரணமில்லை. லீக்கின் கணக்குப் புத்தகமும் காரணம்.

'நான் வரல' என்று சொல்ல முடியாதா?

முடியாது. டிரேடில் ஒப்பந்தம் அப்படியே அடுத்த அணிக்குப் போகும். சம்பளம் குறையாது, ஆனால் எந்த ஊர் என்பதை வீரர் தீர்மானிக்க முடியாது.

'என் சம்மதம் இல்லாமல் டிரேட் செய்யக் கூடாது' என்று ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளும் வசதி இருக்கிறது. ஆனால் அதைக் கேட்கவே பல ஆண்டு லீக் அனுபவம் வேண்டும், அதில் 4 ஆண்டாவது அதே அணியில் ஆடியிருக்க வேண்டும். இஷ் ஸ்மித் ஒரே அணியில் தொடர்ந்து இருந்த அதிகபட்ச காலம் 3 ஆண்டு, டெட்ராய்ட் பிஸ்டன்ஸில். ஒரே இடத்தில் நிலைத்தவருக்குத்தான் பாதுகாப்பு. அது யாருக்கு அதிகம் தேவையோ, அவருக்குக் கிடைக்காது.

விட்டவரையே விலை கொடுத்து வாங்கிய அணி

ஃபிலடெல்ஃபியா 76-யர்ஸ் கதை இன்னும் சுவாரஸ்யம். 2014-15 சீசன் கடைசியில் அங்கே ஆடிய இஷ் ஸ்மித்தை, ஒப்பந்தம் முடிந்ததும் அந்த அணி போக விட்டது. அடுத்த சீசனை அந்த அணி 18 தொடர் தோல்விகளுடன் தொடங்கியது. பந்தை ஒழுங்காகக் கொண்டுவர ஆள் இல்லை.

2015 டிசம்பரில், நியூ ஆர்லியன்ஸ் அணிக்கு இரண்டு இரண்டாம் சுற்று டிராஃப்ட் வாய்ப்புகளைக் கொடுத்து அதே இஷ் ஸ்மித்தைத் திரும்ப வாங்கியது. சில மாதங்களுக்கு முன்பு அவரை வைத்துக்கொள்ள சம்பளம் மட்டும் போதுமாயிருந்தது! அந்த சீசனை ஃபிலடெல்ஃபியா 10 வெற்றி, 72 தோல்வி என்று முடித்தது. ஆனால் அங்கே ஆட்டத்துக்குச் சராசரியாக 7 அசிஸ்ட் கொடுத்த இஷ் ஸ்மித்துக்கு, 2016-ல் டெட்ராய்ட் 3 ஆண்டுக்கு 1.8 கோடி டாலர் ஒப்பந்தம் கொடுத்தது.

அனுபவத்துக்கு மதிப்பு உண்டா?

என்.பி.ஏ-வில் அனுபவம் கூடக் கூட குறைந்தபட்ச சம்பளமும் கூடும். 2022-23 சீசனில் புதிய வீரருக்குக் குறைந்தபட்சம் சுமார் 10 லட்சம் டாலர். 10 ஆண்டு அனுபவம் உள்ளவருக்குச் சுமார் 29 லட்சம் டாலர். அப்படியானால் அணிகள் மலிவான இளைஞரைத்தானே எடுக்கும்?

அதற்காகவே ஒரு விதி இருக்கிறது. மூத்த வீரரை ஓராண்டு குறைந்தபட்ச ஒப்பந்தத்தில் எடுத்தால், 2 ஆண்டு அனுபவ வீரரின் சம்பளத்தை மட்டும் அணி கொடுத்தால் போதும். மிச்சத்தை லீக் கொடுத்துவிடும். 3 சீசன் முடித்தவருக்கு ஓய்வூதிய உரிமையும் கிடைக்கும். சீசன் நடுவில் வெறும் 10 நாள் ஒப்பந்தத்தில் வந்து போகும் வீரர்களுக்கு, அந்த 3 சீசனைத் தொடுவதே பெரிய போராட்டம்.

13-வது அணியில் கோப்பை

2023 ஜூன் 12. மியாமி ஹீட்டை 4-1 என வென்று டென்வர் நக்கெட்ஸ் தன் வரலாற்றில் முதல்முறையாக என்.பி.ஏ சாம்பியன் ஆனது. யோகிச், மர்ரே ஆகியோர்தான் அதன் நாயகர்கள். இஷ் ஸ்மித் பெரும்பாலும் பெஞ்சில்தான் இருந்தார். ஆனாலும் சாம்பியன் மோதிரம் அவருக்கும் உண்டு. 'கூடவே' அனுப்பப்பட்ட டிரேடுதான் அவரை அங்கே கொண்டு சேர்த்தது.

டிராஃப்டில் முதல் இடத்தில் எடுக்கப்பட்ட ஜோ ஸ்மித்தும், பெயரே வராத இஷ் ஸ்மித்தும் இந்தப் பட்டியலில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கிறார்கள். ஒருவருக்கு 12 அணி என்பது எதிர்பார்ப்புக்குக் குறைவு. மற்றவருக்கு 13 அணி என்பது யாரும் எதிர்பார்க்காத 14 சீசன் வேலை. எண் கிட்டத்தட்ட ஒன்றுதான், எங்கிருந்து தொடங்கினார்கள் என்பதுதான் வித்தியாசம்.

2023-24-ல் அவர் மறுபடியும் சார்லட் ஹார்னெட்ஸ் அணிக்கு ஆடினார். இந்த முறை புது ஊர் தேட வேண்டிய அவசியமில்லை. அது அவர் பிறந்த ஊர்.