தலைகளை எண்ணிக்கொண்டு காத்திருப்பவர்களுக்கு

போன வாசிப்பு வட்டத்தில் ஒரு தம்பி சொன்னான்: "அண்ணா, ஜார்ஜியாவுல வெள்ளைக்காரன் பாதிக்கு வந்துட்டான். இன்னும் பத்து வருஷம்தான். அப்புறம் ஆளுநர் நாற்காலி தானா கறுப்பர் கைக்கு வந்துடும்." சுற்றியிருந்த நாலைந்து பேர் தலையாட்டினார்கள். அன்று நான் பதில் சொல்லவில்லை. கடைசிப் பேருந்துக்கு நேரமாகிவிட்டது. இப்போது சொல்கிறேன். அந்தத் 'தானா' என்ற ஒரு சொல்லோடுதான் என் சண்டை.

முதலில் ஒன்று. அமெரிக்காவில் ஆளுநர் என்றால் நம் ஊர் ராஜ்பவனில் உட்கார்ந்து மசோதாக்களைக் கிடப்பில் போடுபவர் அல்ல. மக்கள் நேரடியாக வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் ஆட்சித் தலைவர். நம் முதலமைச்சருக்கு இணையானவர். அந்த நாற்காலியில் ஜார்ஜியாவில் இன்றுவரை ஒரு கறுப்பர் உட்கார்ந்ததில்லை.

தம்பி சொன்ன கணக்கு தப்பில்லை. 2020 கணக்கெடுப்பில் ஹிஸ்பானியர் அல்லாத வெள்ளையர் ஜார்ஜியாவில் 50.1 விழுக்காடு. கறுப்பர் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. ஹிஸ்பானியர் 10.5 விழுக்காடு. அட்லாண்டாவை ஒட்டிய குவினெட் மாவட்டத்தில் 1990-இல் பத்தில் ஒன்பது பேர் வெள்ளையர். இன்று அங்கே எந்தப் பிரிவும் பெரும்பான்மை இல்லை. வடக்கே வேலை தேடிப் போன கறுப்பர்களின் பேரப்பிள்ளைகள் அட்லாண்டாவுக்குத் திரும்பிக் கொண்டிருக்கிறார்கள்.

சரி. இப்போது இன்னொரு கணக்கைப் பாருங்கள். 1900-இல் அதே ஜார்ஜியாவில் கறுப்பர் ஏறத்தாழ 47 விழுக்காடு. இன்று இருப்பதைவிட எவ்வளவோ அதிகம்! அன்று அவர்கள் கையில் என்ன அதிகாரம் இருந்தது? ஒன்றுமில்லை. வாக்களிக்க வரி. ஒரு வருடம் கட்டாவிட்டால் பாக்கி சேர்ந்துகொண்டே போகும், மொத்தத்தையும் அடைத்தால்தான் வாக்கு. 1908-இல் எழுத்தறிவுச் சோதனையும் சேர்ந்தது. பாதிக்குப் பாதி இருந்த மக்களை ஒரு பேனாவை வைத்து இல்லாமல் ஆக்கினார்கள். எண்ணிக்கைதான் அதிகாரம் என்றால் 1900-இல் அல்லவா கறுப்பர் ஆளுநர் வந்திருக்க வேண்டும்?

அதற்கும் முன்னால் போங்கள். உள்நாட்டுப் போர் முடிந்து, 1868-இல் ஜார்ஜியா சட்டமன்றத்துக்கு 33 கறுப்பர்கள் தேர்வானார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் அவர்களில் பெரும்பாலானவர்களைச் சபையைவிட்டு வெளியே தள்ளினார்கள். சொன்ன காரணம் என்ன தெரியுமா? 'உங்களுக்கு வாக்களிக்கத்தான் உரிமை உண்டு, பதவி வகிக்க இல்லை.' மேலவளவு முருகேசனின் பெயரை அறிந்த நமக்கு இதற்கு விளக்கவுரை வேண்டாம். தனித்தொகுதி என்று சட்டம் சொன்னது, 'உட்கார்ந்து பார்' என்று ஊர் சொன்னது.

பிறகு வந்தது எனக்கு மிகவும் பிடித்த, அதாவது மிகவும் எரிச்சல் தரும் ஏற்பாடு. ஜார்ஜியாவில் பல பத்தாண்டுகளாக ஜனநாயகக் கட்சிதான் ஒரே கட்சி. அதன் உட்கட்சித் தேர்தலில் வென்றவர்தான் ஆளுநர். அந்தத் தேர்தலில் கறுப்பர் வாக்களிக்கக் கூடாது என்பது கட்சி விதி. 1944-இல் கொலம்பஸ் நகரத்தில் பிரைமஸ் கிங் என்ற முடிதிருத்துநர், போதகரும் கூட, நேராகப் போய் வாக்குச்சீட்டுக் கேட்டார். வெளியே அனுப்பினார்கள். வழக்குப் போட்டார், வென்றார். ஒரு முடிதிருத்துநர் உடைத்த கதவு அது.

கதவு உடைந்தாலும் உள்ளே வேறு பூட்டு இருந்தது. அந்த உட்கட்சித் தேர்தலில் தலைக்கு ஒரு வாக்கு என்று எண்ணவில்லை. மாவட்டத்துக்கு இத்தனை 'அலகு' என்று எண்ணினார்கள். பெரிய மாவட்டத்துக்கு 6, நடுத்தரத்துக்கு 4, சின்ன மாவட்டத்துக்கு 2. அட்லாண்டா இருக்கும் ஃபுல்டன் மாவட்டத்தில் 92,721 பேருக்கு ஓர் அலகு. எக்கோல்ஸ் என்ற குட்டி மாவட்டத்தில் 938 பேருக்கு ஓர் அலகு. நகரத்துக்குக் கறுப்பர் வந்து குவியட்டும், லட்சம் பேர் வரட்டும், அவர்களுடைய வாக்கின் எடை எக்கோல்ஸ் பண்ணையாரின் வாக்கில் நூற்றில் ஒரு பங்கு. 1963-இல் உச்ச நீதிமன்றம் 'ஒரு மனிதருக்கு ஒரு வாக்கு' என்று சொல்லி இதை ஒழித்தது. அதன் பிறகும் 1966 தேர்தலில் யாருக்கும் பாதிக்கு மேல் வாக்குக் கிடைக்கவில்லை என்று சொல்லி, இரண்டாவதாக வந்த லெஸ்டர் மேடாக்ஸைச் சட்டமன்றம் ஆளுநர் ஆக்கியது. தன் உணவகத்துக்குள் நுழைய வந்த கறுப்பர்களைக் கோடரிக் காம்போடு விரட்டிப் புகழ்பெற்ற மனிதர். ஜனநாயகக் கட்சிக்காரர்.

இதைக் குறித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் நம் பிள்ளைகள் சிலர் அங்கே ஒரு கட்சி நல்ல கட்சி, இன்னொன்று கெட்ட கட்சி என்று பேசுகிறார்கள். சாதி எப்படி எல்லாக் கட்சிக் கொடியிலும் ஏறிக்கொள்ளுமோ அப்படித்தான் அங்கே நிறவெறியும். கறுப்பர்கள் ஜனநாயகக் கட்சிப் பக்கம் வரவர, வெள்ளையர்கள் குடியரசுக் கட்சிப் பக்கம் போனார்கள். 2002-இல், நூற்று முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு முதல் குடியரசுக் கட்சி ஆளுநராக சன்னி பெர்டியூ வென்றார். அதற்கு முந்தைய ஆண்டுதான் மாநிலக் கொடியில் பெரிதாக இருந்த அடிமை மாநிலங்களின் போர்ச் சின்னத்தைப் பழைய ஆளுநர் சுருக்கியிருந்தார். அது மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கோபமும் வரிசையில் நின்று வாக்களித்தது.

இனி 2018. ஸ்டேசி ஏப்ரம்ஸ். கறுப்பினப் பெண். எதிரே பிரையன் கெம்ப். அவர் அப்போது மாநிலச் செயலாளர், அதாவது தேர்தலை நடத்தும் துறையின் தலைவர். தானே வேட்பாளர், தானே நடுவர்! பதவி விலகச் சொன்னார்கள். தேர்தல் முடியும்வரை விலகவில்லை. வாக்காளர் விண்ணப்பத்தில் உள்ள பெயர் அரசுப் பதிவோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும் என்ற விதியால் 53,000 விண்ணப்பங்கள் கிடப்பில் கிடந்தன. அவற்றில் ஏறத்தாழ 70 விழுக்காடு கறுப்பருடையவை என்று செய்தியாளர்கள் கண்டுபிடித்தார்கள். கிடப்பில் இருந்தவர்கள் அடையாள அட்டை காட்டி வாக்களிக்கலாம் என்பது உண்மைதான். ஆனால் 'உன் பெயரில் சிக்கல்' என்று தாள் வந்தவர்களில் எத்தனை பேர் துணிந்து போவார்கள்? ஆதார் அட்டையில் ஓர் இனிஷியல் மாறியதற்காகத் தாலுகா அலுவலகத்துக்கு நாலு நாள் கூலியை இழந்து அலைந்த அம்மாக்களைக் கேளுங்கள், சொல்வார்கள்.

தென் மாநிலங்கள் தேர்தல் விதியை மாற்றுமுன் மத்திய அரசின் அனுமதி பெற வேண்டும் என்ற காவலை 2013-இல் உச்ச நீதிமன்றம் 5-4 என்ற கணக்கில் முடக்கியது. அதன் பிறகு ஜார்ஜியாவில் இருநூறுக்கு மேற்பட்ட வாக்குச்சாவடிகள் மூடப்பட்டன. 2018 ஆகஸ்டில் ராண்டால்ஃப் என்ற மாவட்டத்தில் 9 சாவடிகளில் 7-ஐ மூட ஒரு திட்டம் வந்தது. கறுப்பர் பெரும்பான்மையாக வாழும் ஏழை மாவட்டம். சக்கர நாற்காலிக்குப் பாதை இல்லையாம், அதனால் மூடுகிறார்களாம். கருணையைப் பாருங்கள். ஊர் மக்கள் கூட்டத்துக்குப் போய்க் கத்தினார்கள், திட்டம் கைவிடப்பட்டது. ஏழு சாவடிகளைக் காப்பாற்றியது மக்கள்தொகை அல்ல, அந்த அறைக்குள் போய் நின்ற கால்கள்.

ஏப்ரம்ஸ் தோற்றார். கெம்ப்புக்கு 50.2 விழுக்காடு. வித்தியாசம் சுமார் 54,700 வாக்குகள். நான்கு ஆண்டுகளுக்கு முன் அதே கட்சி இரண்டு லட்சம் வாக்கில் தோற்ற இடம் அது. மாநிலமே குலுங்கியது.

இங்கேதான் தோழர்களே, நம் ஆட்கள் கதையை நிறுத்திவிடுகிறார்கள். 'திருடிவிட்டார்கள், இல்லாவிட்டால் வென்றிருப்போம், அடுத்த முறை எண்ணிக்கை கூடும்.' அடுத்த முறை வந்தது. 2022. அதே இருவர். நான்கு ஆண்டுகளில் வெள்ளையர் பங்கு இன்னும் குறைந்திருந்தது. என்ன ஆயிற்று? 2018-இல் 19.23 லட்சம் வாக்கு வாங்கிய ஏப்ரம்ஸ், 2022-இல் 18.13 லட்சம். தோல்வி வித்தியாசம் ஏறத்தாழ மூன்று லட்சம். அவருடைய அமைப்பு தொடுத்த பெரிய வழக்கையும் அதே ஆண்டு நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. தீர்ப்பு எழுதியவர் ஒபாமா நியமித்த கறுப்பின நீதிபதி. அதே நாளில், அதே வாக்குச்சாவடியில், செனட்டுக்கு நின்ற ரஃபேல் வார்னாக் ஏப்ரம்ஸைவிடச் சுமார் 1.3 லட்சம் வாக்கு அதிகம் வாங்கினார். அவரும் கறுப்பர். மார்ட்டின் லூதர் கிங்கின் தேவாலயத்தில் போதகர். டிசம்பரில் நடந்த இரண்டாம் சுற்றில் வென்றும் விட்டார்.

ஒரே மக்கள், ஒரே நாள், ஒரே சாவடி. மக்கள்தொகை விதி என்றால் இரண்டு முடிவு எப்படி வரும்? வார்னாக்கின் எதிரி பலவீனமானவர் என்பார்கள், சரிதான். 2020 அதிபர் தேர்தல் முடிவைப் புரட்டச் சொன்ன டிரம்ப்புக்குக் கெம்ப் வளையவில்லை, அந்த நல்ல பெயர் அவருக்குக் கைகொடுத்தது என்பார்கள், அதுவும் சரிதான். அரசியல் என்பது இதுதானே! வேட்பாளர், பிரச்சினை, பெயர், உழைப்பு. 'எப்படியும் நமக்குத்தான் போடுவார்கள்' என்று ஒரு மக்களை நினைத்துவிட்டால், அவர்கள் வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள். என் கருத்தில் அது சோம்பேறித்தனம் அல்ல. வாசலுக்கு வராதவர்களுக்கு அவர்கள் தரும் பதில்.

2025 நவம்பரைப் பாருங்கள். மின்கட்டணத்தை முடிவு செய்யும் ஆணையத்துக்கு ஜார்ஜியாவில் தேர்தல். யாரும் கண்டுகொள்ளாத பதவி. கட்டணம் ஏறிக்கொண்டே போன கோபத்தில் ஜனநாயகக் கட்சி வேட்பாளர்கள் இருவரும் 60 விழுக்காட்டுக்கு மேல் வாங்கி வென்றார்கள். ஒருவர் அலிசியா ஜான்சன், கறுப்பினப் பெண். அன்று நகரங்களில் உள்ளாட்சித் தேர்தலும் இருந்ததால் கூட்டம் ஒரு பக்கம் சாய்ந்திருக்கலாம், அதைக் கழித்துக்கொள்ளுங்கள். கழித்தபின்னும், மூன்றே ஆண்டில் யார் தோலின் நிறமும் மாறவில்லை. மின்சார பில் மாறியது. 2026-இல் ஆளுநர் தேர்தல். கெம்ப் தொடர்ந்து மூன்றாம் முறை நிற்கச் சட்டத்தில் இடமில்லை. அந்த நாற்காலிக்கு யார் வருவார் என்று என்னைக் கேட்காதீர்கள்.

நமக்கு ஏன் இந்தக் கதை? தமிழ்நாட்டில் நாம் 20 விழுக்காடு, 2011 கணக்குப்படி. 'ஐந்தில் ஒருவர் நாம்' என்று மேடையில் சொல்லும்போது கைதட்டல் வரும், எனக்கும் வந்திருக்கிறது. பாப்பாபட்டியிலும் கீரிப்பட்டியிலும் அந்த எண்ணிக்கை பத்து ஆண்டுகள் ஒரு தலைவரைக்கூட உட்கார வைக்கவில்லை. 1946-இல் பாபாசாகேப், டு பாய்ஸுக்கு ஒரு கடிதம் எழுதினார். அட்லாண்டாவில், அதே ஜார்ஜியாவில், இருபது ஆண்டுகளுக்கு மேல் கற்பித்த அறிஞர் டு பாய்ஸ். அதில் பாபாசாகேப் அனுதாபம் கேட்கவில்லை, நீங்கள் எத்தனை பேர் என்றும் கேட்கவில்லை. அமெரிக்கக் கறுப்பர்கள் ஐக்கிய நாடுகள் சபைக்குக் கொடுத்த மனுவின் நகல் கேட்டார். காகிதத்தைக் கேட்டார்!

எனவே தம்பி, அடுத்த ஞாயிறு வட்டத்துக்கு வரும்போது கணிப்பு எதுவும் கொண்டு வராதே. உன் தெரு அடங்கிய பாகத்தின் வாக்காளர் பட்டியலை எடுத்து வா. கதவு எண் இல்லாத வீடுகள், செங்கல் சூளைக்குப் போய்விட்ட குடும்பங்கள், கல்யாணமாகி வந்த பெண்கள், இவர்களில் யார் பெயர் இருக்கிறது, யார் பெயர் இல்லை என்று பென்சிலால் குறித்து வா. நான் என் பாகத்தைக் கொண்டு வருகிறேன்.