நோட்டீஸ் ஒட்டினால் சுவர் நிற்குமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

பருவமழை முன்னேற்பாடுகள் குறித்துத் தங்கள் நாளிதழில் வந்த செய்தியில், எங்கள் ஊரில் பழுதடைந்த கட்டடங்கள் அனைத்துக்கும் அறிவிப்பு வழங்கப்பட்டுவிட்டதாக அதிகாரிகள் தரப்பில் சொல்லப்பட்டிருந்தது. உண்மைதான், எங்கள் தெருவிலும் ஒட்டியிருக்கிறார்கள். பூட்டிக் கிடக்கும் வீட்டின் முகப்புக் கதவில், போன வருஷத்து நோட்டீஸுக்கு மேலேயே பசை தடவி இந்த வருஷத்தையும் ஒட்டியாயிற்று. கட்டடம் அபாயகரமான நிலையில் உள்ளதாம், யாரும் அருகில் செல்ல வேண்டாமாம். அந்த வீட்டுப் பக்கச் சுவரை ஒட்டிய சந்து வழியாகத்தான் தொடக்கப் பள்ளிக்குப் பிள்ளைகள் போகிறார்கள். ரேஷன் கடைக்கும் அதுதான் வழி. நோட்டீஸ் ஒட்டிய ஊழியரும் அதே சந்து வழியாகத்தான் திரும்பிப் போனார்.

நாளைக்குச் சுவர் சரிந்து யாருக்காவது ஏதாவது ஆகிவிட்டால், முன்பே எச்சரித்தோம் என்று கோப்பில் காட்ட அந்தக் காகிதம் உதவும். வேறு எதற்கும் உதவாது. அதைப் போய் நடவடிக்கை என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

செட்டிநாட்டுச் சிறுநகரங்களைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் கொல்லைக் கதவுமாக நீண்டு கிடக்கும் வீடுகள். பர்மாவிலும் மலாயாவிலும் சம்பாதித்த பணத்தில், பர்மாத் தேக்கைக் கப்பலில் இறக்கிக் கட்டியவை. 1942இல் ஜப்பானியர் பர்மாவுக்குள் நுழைந்தார்கள். 1960களில் அங்கே தேசியமயமாக்கல் நடந்தது. வெளிநாட்டு வரவு நின்றதும் குடும்பங்கள் பிழைப்புத் தேடிச் சென்னைக்கும் கோவைக்கும் அதற்கப்பாலும் போய்விட்டன. வீடு மட்டும் இங்கேயே நின்றது. முன்னோருக்கான படைப்புக்கும் கல்யாணத்துக்கும் வந்து திறந்தார்கள். காவலுக்கு இருந்த முதியவர் காலமானதும் அதுவும் குறைந்தது. இன்றைக்கு ஒரு வீட்டுக்கு எத்தனை புள்ளி, அதாவது எத்தனை பங்குக் குடும்பம், யார் யாருக்கு எந்த அறை என்பது பங்காளிகளுக்கே சரியாகத் தெரியாது.

பொதுப்பணித் துறையில் ஓவர்சீயராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். இந்த வீடுகள் வயதாகி விழுவதில்லை. சுண்ணாம்புக் காரையில் கட்டிய செங்கல் சுவர், மேலே கூரை ஒழுங்காக இருக்கும்வரை அசையாது. கேடு ஓட்டில்தான் தொடங்குகிறது. குரங்கு ஓடியோ காற்றடித்தோ நாலு ஓடு நழுவும். வருஷம் ஒருமுறை ஆள்விட்டு ஓடு மாற்றினால் அத்தோடு சரி. மாற்றாவிட்டால் தண்ணீர் கைமரத்தில் இறங்கும், பிறகு சுவரின் தலையில் இறங்கும். காரை ஊறிய இடத்தில் காக்கை போட்ட அரசம் விதை முளைக்கும். நான் சொல்லும் வீட்டில், மாடிக் கைப்பிடிச் சுவருக்குக் கீழே முளைத்த அரசு இன்றைக்கு ஆள் தொடையளவு பருத்திருக்கிறது. அதன் வேர் சுவரைக் கிழித்துக்கொண்டு தரைவரை வந்துவிட்டது. விரிசலுக்குள் என் உள்ளங்கை முழுவதும் போகிறது. வெளிப்பூச்சு இன்னும் பளபளவென்றுதான் இருக்கிறது. போகிறவர்கள் அதைப் பார்த்துத் திடமான சுவர் என்று நம்பிச் சைக்கிளைச் சாய்த்து வைக்கிறார்கள்.

இதைவிட மோசம் மர வியாபாரம். பங்காளிகளில் ஒருவரோ இருவரோ சேர்ந்து, மரத்தை மட்டும் புரோக்கரிடம் விலைபேசிவிடுகிறார்கள். தூண், உத்தரம், நிலைக்கதவு எல்லாம் லாரியில் போய்விடும். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் வெளியூர்க்காரர்கள் ஆசையாகத் தடவிப் பார்க்கும் தூண்களில் பல அப்படி இறங்கியவைதாம். விற்பது அவரவர் உரிமை. அதில் எனக்கு வழக்கில்லை. ஆனால் உத்தரத்தை உருவிய பிறகு எதிரெதிர்ச் சுவர்களைப் பிடித்துக்கொள்ள எதுவும் கிடையாது. இரண்டு மாடி உயரச் சுவர் தனியாக நிற்கிறது. கட்டடத்தை இடிக்கவும் அனுமதி வாங்க வேண்டும் என்பது விதி. தேக்கு ஏற்றிய லாரி பட்டப்பகலில் தெருமுனையில் நிற்கும்போது அனுமதி எங்கே என்று ஒரு அதிகாரி கேட்டதாக நான் பார்த்ததில்லை.

மனுக் கொடுத்தால் கிடைக்கும் பதில் எல்லாருக்கும் மனப்பாடம்: 'அது தனியார் சொத்து. உரிமையாளர் யாரென்று தெரியவில்லை. பங்காளிகள் பல பேர், கோர்ட்டில் கேஸ் இருக்கிறது.' உரிமையாளர் யாரென்று தெரியாத வீட்டுக்குத்தான் அரையாண்டுக்கு ஒருமுறை சொத்து வரி போடுகிறார்கள். 2022இல் வரியை உயர்த்தியபோது இந்த வீட்டுக்கும் மறக்காமல் உயர்த்தினார்கள். வரிப் பதிவேட்டில் இருப்பது எப்போதோ செத்துப்போனவரின் பெயர் என்பது வேறு விஷயம். யாரோ ஒருவர் அந்தப் பெயரில் பணம் கட்டுகிறார், ரசீதும் வாங்கிக்கொள்கிறார். ஒழுங்காகக் குடியிருப்பவன் வரி பாக்கி வைத்தால் குடிநீர் இணைப்பைத் துண்டிக்க ஆள் வருகிறது. என் வீட்டுப் பூந்தொட்டித் தட்டில் கொசுப்புழு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். பக்கத்து வீட்டு முற்றத்தில் ஜலதாரை அடைத்து, மழைத் தண்ணீர் மாதக்கணக்கில் குளமாக நிற்கிறது. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு, முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஒரு வாரம் பத்து நாள் போதும். ஆனால் அங்கே பூட்டு தொங்குகிறதே, உள்ளே போக முடியாதாம்.

சட்டத்தில் இடமில்லை என்றால் நான் எழுதியிருக்கவே மாட்டேன். இடிந்து விழும் நிலையில் உள்ள கட்டடத்தைப் பழுதுபார்க்கவோ இறக்கவோ உரிமையாளருக்கு உத்தரவிடவும், அவர் செய்யாவிட்டால் தானே செய்து செலவை அவரிடம் வசூலிக்கவும் உள்ளாட்சிக்கு அதிகாரம் உண்டு. அது கைகழுவினால் கோட்டாட்சியர் இருக்கிறார். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 133ஆம் பிரிவாக இருந்து, 2024 ஜூலை முதல் புதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 152ஆம் பிரிவாக இருப்பதைப் படித்துப் பார்க்கலாம். விழுந்து ஆட்களுக்குக் காயம் உண்டாக்கக்கூடிய கட்டடத்தையோ மரத்தையோ அகற்ற, பழுதுபார்க்க, முட்டுக் கொடுக்க உத்தரவிடலாம் என்று அதில் வெளிப்படையாகவே இருக்கிறது. எங்கள் தெருக் கேஸில் கட்டடமும் மரமும் இரண்டுமே உண்டு!

நிதி இல்லை என்ற சமாதானமும் செல்லாது. மத்தியப் பிரதேசத்தில் ரட்லம் என்ற ஊர். சாக்கடை நாற்றம் தாங்காமல் தெருவாசிகள் இதே 133ஆம் பிரிவின்கீழ் மாஜிஸ்திரேட்டிடம் போனார்கள். பணமில்லை என்று நகராட்சி உச்ச நீதிமன்றம் வரை போய் வாதாடியது. 1980இல் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் அந்தச் சாக்குப்போக்கை ஏற்கவில்லை. கடமையைச் செய்யத்தான் வேண்டும் என்று தீர்ப்பானது.

பங்காளிகளுக்கும் ஒரு வார்த்தை. பிரிக்க முடியாத சொத்தை விற்றுப் பணமாகப் பங்கிட, பாதிக்குக் குறையாத பங்குடையவர்கள் கேட்டால் நீதிமன்றம் உத்தரவிடலாம் என்று 1893ஆம் ஆண்டுப் பாகப்பிரிவினைச் சட்டமே சொல்கிறது. வெள்ளைக்காரன் காலத்திலிருந்து வழி இருக்கிறது. யாருக்கும் அவசரமில்லை, அவ்வளவுதான்.

இதைப் படித்துவிட்டு மறுநாளே ஜேசிபியைக் கொண்டுவந்து நிறுத்திவிடுவார்களோ என்ற பயமும் எனக்கு உண்டு. நான் கேட்பது அதுவல்ல. செட்டிநாட்டு ஊர்களை யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் 2014இல் சேர்த்தார்கள். சுற்றுலா மேடைகளில் அதைச் சொல்லிப் பெருமைப்படாத ஆள் இல்லை. முழு வீட்டையும் தரைமட்டமாக்குவது அதிகாரிக்குச் சுலபம், ஒப்பந்தக்காரருக்கு லாபம். இரண்டுமே ஊருக்கு நஷ்டம். இப்படிப்பட்ட வீடுகள் சிலவற்றின் பின்கட்டில், வேறு போக்கிடமில்லாத வயதான ஆச்சிகள் தனியாகக் குடியிருக்கிறார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. அவர்களிடம் போய் அபராத நோட்டீஸை நீட்டினால் என்ன பயன்? அந்த வீடுகளுக்கு ஓடு மாற்றும் செலவை நகராட்சியே முதலில் போட்டு, பிறகு சொத்தின்மேல் பாக்கியாக ஏற்றிக்கொள்ளட்டும். விற்கும்போது வசூலாகிவிடும்.

ஆகவே இந்த மழைக்குள் ஆக வேண்டியது இவ்வளவுதான். பொறியாளர் ஒருவர் சந்துக்குள் வந்து சுவரைத் தொட்டுப் பார்க்க வேண்டும். அரசமரத்தை அறுத்து வேருக்கு மருந்து வைக்க வேண்டும். மரத்தைச் சும்மா வெட்டிவிட்டுப் போனால் அடுத்த ஆடிக்குள் துளிர்த்துவிடும். சுவருக்குச் சவுக்கு முட்டுக் கொடுத்து, முடியாத இடத்தில் மேல்பகுதியை மட்டும் கையால் இறக்க வேண்டும். பூட்டைத் திறந்து முற்றத்து நீரை வடிக்க வேண்டும். அதுவரை பிள்ளைகளுக்கு மாற்றுவழி, அதில் ஒரு தெருவிளக்கு. இதற்கெல்லாம் ஆன செலவுக் கணக்கை அடுத்த அரையாண்டுச் சொத்து வரிக் கேட்போடு சேர்த்து அனுப்பட்டும். ரசீது வாங்க வருகிறவர் யாரென்று அப்போது தெரிந்துவிடும்.

பழுதடைந்த கட்டடங்களின் பட்டியலைத் தெருப் பெயருடன், பார்வையிட்ட பொறியாளரின் பெயருடன் ஆணையர் தங்கள் நாளிதழில் வெளியிடுவாரா? வெளியிட்டால் எங்கள் தெருவாசிகள் சார்பில் நானே பட்டியலை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு வீடாகப் போய்ச் சரிபார்த்துத் தரத் தயார். 152ஆம் பிரிவின்கீழ் கோட்டாட்சியருக்கு எழுதிய மனுவின் நகலை இத்துடன் இணைத்திருக்கிறேன். தெருவில் கையெழுத்துப் போட மறுத்தவர் ஒருவர் மட்டுமே. அவர் அந்த வீட்டில் கால் பங்குக்காரர்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஓவர்சீயர் ஒருவர்,
செட்டிநாடு