கடலோர விஸ்கியும் பின்வளவுக் கள்ளும்

இம்முறை நாம் எடுத்துக்கொண்ட விடயத்தைப் பார்த்துத் தாய்மார் சிலர் முகஞ்சுழிக்கக்கூடும். கொஞ்சம் பொறுத்து வாசியுங்கள். நாம் யாரையும் குடிக்கச் சொல்லவில்லை; குடியாதவர்கள் குடியாதவர்களாகவே இருங்கள்.

எம்மோடு வேலைசெய்த ஜேர்மன்காரர் ஒருவர் ஓய்வுபெற்றபோது எம்மைத் தம் வீட்டுக்கு அழைத்தார். மேசையில் ஒரேயொரு போத்தல். ஸ்கொட்லாந்தின் மேற்குக் கரையில் உள்ள ஐலா தீவில் வடித்த லப்ரோய்க், பத்து வருடத்தது. வாய் ஒடுங்கிய கிளாசில் ஆளுக்கு இரண்டு சென்ரிலீற்றர்தான் வார்த்தார். நாம் எம் வழக்கப்படி ஒரே இழுவையில் இறக்கப்போனோம். "லங்ஸாம், லங்ஸாம்" என்று கையைப் பிடித்துவிட்டார். முதலில் மணந்து பார்க்க வேண்டுமாம்.

முதலில் வந்தது டெற்றோல். பிறகு புகை. அதற்கும் பின்னால், கரையொதுங்கிக் காயும் சாதாழை, வாடியில் உலரும் கருவாடு. நாற்பது வருடங்களுக்கு முன் விட்டுவந்த கடற்கரை! என்ன மணக்கிறது என்று அவர் கேட்க, டொச்சில் சொல் தேடிக் களைத்து, "மயிலிட்டி" என்றோம். அப்படியொரு வடிசாலையைத் தாம் கேள்விப்பட்டதில்லை என்றார்.

இந்த மணம் பெரும்பாலும் கடற்காற்றில் வருவதல்ல. முளைக்கவைத்த பார்லியை முற்றா நிலக்கரிப் புகையில் உலர்த்துகிறார்கள். அந்தப் புகையின் பீனோல்தான் டெற்றோலும் கருவாடுமாக மூக்குக்குப் படுகிறது. டொச்சில் டோர்ப் என்பார்களே, அதுதான் இந்த நிலக்கரி. பல்கணியில் மிளகாய்க்கன்று வைக்க வாங்கும் மண் பையிலும் அது பலதடவை கலந்திருக்கும். பிறகு செப்புக் கலத்தில் இருமுறை வடிக்கிறார்கள். வடித்ததை ஓக் மரப் பீப்பாவில் குறைந்தது 3 வருடம் வைக்கவேண்டும் என்பது அங்குள்ள சட்டம். அதே தீவின் கவுல் ஈலா விஸ்கியில் பெரும்பகுதி முதிர்வது ஸ்கொட்லாந்தின் பெருநிலத்தில். அதுவும் கடல்தான் மணக்கிறது.

இரண்டு மூன்று சொட்டுத் தண்ணீர் விட்டால் மணம் இன்னும் விரியும். புகைமணம் தரும் குவாயகோல் என்ற பொருள் தண்ணீர் சேர்ந்ததும் மேற்பரப்புக்கு வருகிறது என்று 2017 இல் சுவீடன் ஆய்வாளர் இருவர் கணினியில் கணக்கிட்டுக் காட்டினர்.

எமக்கு இதெல்லாம் இல்லாமலா போனது? தென்னஞ்சாராயம் முதிர்ந்தது சாவண்டலை மரப் பீப்பாவில். வெள்ளைக்காரர் அதைத் திருகோணமலை மரம் என்றே அழைத்தனர். வடமராட்சியில் திக்கம் வடிசாலை பனஞ்சாராயம் வடித்தது. பிளாவில் வார்த்த கள்ளின் மணமே தனி. ஆனால் கள்ளிறக்கியவரைப் படலைக்கு வெளியே நிறுத்திவிட்டு, அவர் இறக்கியதைப் பின்வளவில் ஒளித்துநின்று குடித்தோம். ஒளித்துக் குடிப்பவன் மணந்து பார்ப்பானா? ஐலாக்காரன் தன் ஊர்ப்பெயரைப் போத்தலில் பெரிதாக ஒட்டி உலகெங்கும் அனுப்புகிறான்.

அந்த ஒளிப்பை நாம் இங்கும் கொண்டுவந்தோம். 1980களின் பிற்பகுதி. அசூல் முடிவுக்குக் காத்திருந்த முகாம், ஒரு அறையில் நால்வர், வேலைசெய்ய அனுமதியில்லை. உள்ளதில் மலிவான கோர்ண் போத்தலை வாங்கிக் கட்டிலுக்குக் கீழே வைத்து, கதவைச் சாத்திவிட்டுக் குடித்தோம். ருசிக்காக அல்ல, நித்திரைக்காக. அந்த நால்வரில் ஒருவர் அதிலிருந்து மீளவில்லை. அவருடைய அம்மாவுக்கு நெஞ்சுநோவு என்றுதான் கடிதம் எழுதினோம். அந்த அம்மாவும் இன்று இல்லை.

ஜேர்மன்காரர் மிகுதிப் போத்தலை எம்மிடமே தந்துவிட்டார். அதை அலுமாரிக்குப் பின்னால் வைக்கவில்லை. வரவேற்பறைக் கண்ணாடித் தட்டில் வைத்தோம். துணைவியார் மூடியைத் திறந்து மணந்து, "சீ, ஆஸ்பத்திரி" என்றார். பிறகு இன்னொருமுறை மணந்து பார்த்தார்.